பச்சைக் கறியா, வெந்த கறியா? நாய்ச் சாப்பாடு பற்றிக் கொஞ்சம் விரிவாக

நாய் வளர்ப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இப்போதெல்லாம் முதல் பேச்சே சாப்பாடுதான். முன்பெல்லாம் "எந்தக் கம்பெனி தீனி போடுறீங்க?" என்று கேட்பார்கள். இப்போது "பச்சையா போடுறீங்களா, வேக வெச்சா?" என்கிறார்கள். யூடியூபைத் திறந்தால் ஒரு ராட்வைலர் முழுக் கோழியை எலும்போடு கடகடவென்று மென்று விழுங்குகிறது. கீழே பின்னூட்டத்தில் ஒருவர், "ஓநாய் என்ன அடுப்பு மூட்டியா தின்னுச்சு?" என்று எழுதியிருக்கிறார். அதற்கு ஆயிரக்கணக்கில் லைக்.

இதைப் பற்றி எழுதச் சொல்லிப் பல பேர் கேட்டுவிட்டார்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுச் செவலைக்கு (சிப்பிப்பாறைக் கலப்பு, இருபது கிலோவுக்குப் பக்கம்) கறி உண்டு, தினமும் உண்டு. ஆனால் வெந்த கறி. நம் ஊரில், நம் கடைகளில் கிடைக்கும் கறியைப் பச்சையாக நாய்க்குப் போடக் கூடாது என்பதுதான் என் உறுதியான கருத்து. பச்சைக் கறிக்காரர்களை முட்டாள்கள் என்று நான் நினைக்கவில்லை. நாயின் மேல் பாசம் இருப்பதால்தான் அவர்கள் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள். அதனாலேயே இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பேச வேண்டியிருக்கிறது.

பச்சைக் கறி போடும் பழக்கம் இப்போதைய வடிவில் பரவியது ஆஸ்திரேலியாவில் இருந்து. இயன் பில்லிங்கர்ஸ்ட் என்ற கால்நடை மருத்துவர் 1993-இல் 'கிவ் யுவர் டாக் எ போன்' என்று ஒரு புத்தகம் எழுதினார். சதை ஒட்டிய பச்சை எலும்பு, உள்ளுறுப்பு, கொஞ்சம் காய்கறி, இதுதான் நாயின் இயல்பான உணவு, மூட்டைத் தீனி வேண்டாம் என்பது அவர் வாதம். 'பார்ஃப்' உணவு முறை என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது இவர் பெயரோடு பிரபலமானது. பிறகு அதிலிருந்து கிளைத்ததுதான் 80-10-10 கணக்கு: எண்பது பங்கு சதை, பத்துப் பங்கு எலும்பு, பத்துப் பங்கு உறுப்பு, அதில் பாதி ஈரல்.

அவர்கள் சொல்வதில் உண்மையும் இருக்கிறது. நல்ல கறி தின்னும் நாயின் முடி பளபளக்கும். கழிவு குறையும், நாற்றமும் குறையும், ஏனென்றால் கறியின் பெரும்பகுதி செரித்துவிடுகிறது. பல்லில் காரை குறையும் என்பதும் சும்மா சொல்வதல்ல. பிரேசிலில் பீகிள் நாய்களுக்குப் பச்சை மாட்டெலும்பைக் கடிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள், காரை நன்றாகவே குறைந்தது. ஆனால் முடியும் கழிவும் மாறியது நல்ல கறியாலும் கொழுப்பாலும். வேக வைத்துப் போட்டாலும் அந்தப் பலன் வரும், என் வீட்டில் வந்திருக்கிறது. பல் விஷயத்தில் இன்னொரு பக்கம் உண்டு. மாட்டின் தொடை எலும்பு போன்ற கெட்டியானதைக் கடித்து, மேல்தாடையின் பெரிய கடைவாய்ப் பல் பிளந்துபோன நாய்களைக் கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். அந்தப் பல் போனால் வேர் சிகிச்சை, இல்லையென்றால் பிடுங்க வேண்டியதுதான்.

சரி, ஓநாய்க்கு வருவோம்.

நாய் ஓநாயிலிருந்து வந்தது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் வந்த வழியில் அதன் வயிறு மாறிவிட்டது. ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஓநாய்களின் மரபணுவையும் நாய்களின் மரபணுவையும் ஒப்பிட்டு 2013-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்கிற அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிதான். நாய்களிடம் நாலிலிருந்து முப்பது வரை. மனிதன் பயிர் செய்யத் தொடங்கி, மிச்சம் மீதியைத் தூக்கிப் போட, அதைத் தின்று பிழைக்கத் தெரிந்த விலங்குதான் நம் வாசலில் படுத்திருக்கிறது. விவசாயம் எட்டாத பனிப்பிரதேசத்து நாய்களுக்கும் ஆஸ்திரேலிய டிங்கோவுக்கும் இந்தப் பிரதிகள் குறைவு. அங்கே சீலும் கங்காருவும் தின்றவற்றுக்கு அது தேவைப்படவில்லை.

எங்கள் பக்கம் கரிசல் காடு. தாத்தா காலத்தில் வேட்டை நாய் இல்லாத வீடு குறைவு. அந்த நாய்கள் முயலைத் துரத்திப் பிடித்தவைதான், ஆனால் தினப்படி அவற்றின் சட்டியில் விழுந்தது கம்பங்கூழும் மோரும். சோளச் சோறு மிஞ்சினால் அது. ஆடு அடிக்கும் நாளில் எலும்பும் ஜவ்வும். ஒட்டிய வயிறும் நீண்ட காலுமாக அவை ஓடிய ஓட்டத்தைத் தாத்தா வாய் ஓயாமல் சொல்வார். கூழ் மட்டும் போதும் என்று சொல்ல வரவில்லை, அதில் புரதம் பற்றாது. நம் ஊர் நாய் பச்சைக் கறி தின்று வளர்ந்த இனம் என்று யாராவது சொன்னால், அது இந்த மண்ணில் நடந்த கதை இல்லை என்றுதான் சொல்கிறேன்.

மூட்டைத் தீனி வேண்டாம் என்பவர்கள், அதற்கு முன்னால் நாய்கள் பச்சைக் கறிதான் தின்றன என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் லண்டனில் நாய் பிஸ்கட் விற்க ஆரம்பித்தது 1860-களில். அதற்கு முன்பும் பெரும்பாலான வீட்டு நாய்களுக்குக் கிடைத்தது மனிதர் தின்ற மிச்சம்தான். அதாவது, வெந்த சாப்பாடு.

இனி நான் முக்கியம் என்று நினைக்கும் விஷயம். பச்சையா வெந்ததா என்று சண்டை போடுகிறவர்கள் இரண்டு தரப்பிலுமே பாதிப் பேர் கோட்டை விடுவது சுண்ணாம்புச் சத்தில்.

எங்கள் தெருவில் ஒரு அண்ணாச்சி, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேரனுக்காக ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டி வாங்கினார். வந்த நாளிலிருந்து அதற்கு ராஜ மரியாதை. காலையும் மாலையும் எலும்பில்லாத பச்சைக் கோழிக்கறி, அதுவும் நெஞ்சுக்கறி. ஐந்து மாதத்தில் குட்டி நொண்டத் தொடங்கியது. முன்கால் இரண்டும் வெளிப்பக்கமாக வளைந்தன, தூக்கினாலே கத்தியது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நானும் கூடப் போனேன்.

டாக்டர் எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டினார். எலும்பு பளிச்சென்று வெள்ளையாகத் தெரிய வேண்டும். அதில் எலும்புக்கும் சுற்றியிருந்த சதைக்கும் வித்தியாசமே சரியாகத் தெரியவில்லை, எல்லாம் ஒரே சாம்பல் நிறம். தொடை எலும்பில் மெல்லிசாக ஒரு கீறல்.

"என்ன போடுறீங்க அண்ணாச்சி?"

"சுத்தமான கறி டாக்டர். எலும்பு தொண்டையில மாட்டிரும்னு போன்லெஸ் மட்டும்தான். ஒருநாள்கூடத் தவறுனதில்ல."

"வேற எதுவும்?"

"கறியே போடும்போது வேற என்னத்துக்கு?"

டாக்டர் கோபப்படவில்லை. ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினார். நூறு கிராம் கோழிக்கறியில் பாஸ்பரஸ் சுமார் 200 மில்லிகிராம், கால்சியம் பத்துப் பன்னிரண்டு. நாய்க்கு இரண்டும் ஏறக்குறைய சமமாக, கால்சியம் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். இங்கே பாஸ்பரஸ் பதினைந்து, இருபது மடங்கு அதிகம். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயமும் தசையும் ஓடாது. அதனால் கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து அதை உருவி ரத்தத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். வளரும் குட்டி, அதுவும் பெரிய இனம் என்றால் எலும்பு உள்ளுக்குள்ளேயே கரைந்துவிடும். அண்ணாச்சி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். காசைப் பார்க்காமல் வாங்கிப் போட்டவர், அவருக்கு அது தாங்கவில்லை.

குட்டியை வாரக்கணக்கில் கூண்டில் அசையாமல் வைத்து, குட்டிகளுக்கான முழுமையான தீனிக்கு மாற்றினார்கள். இப்போது ஓடுகிறது. ஒரு கால் மட்டும் கொஞ்சம் வளைந்தே நின்றுவிட்டது.

இது பச்சைக் கறியால் வந்ததா என்றால், இல்லை. அதே கறியை வேக வைத்துப் போட்டிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். வெறும் கறி முழுச் சாப்பாடு ஆகாது, அவ்வளவுதான். எதிர்ப்பக்கம் தாண்டுவதும் ஆபத்து. ஆறு மாதத்துக்குள் இருக்கும் குட்டியின் குடலுக்கு 'இவ்வளவு கால்சியம் போதும்' என்று நிறுத்திக்கொள்ளத் தெரியாது. பெரிய இனக் குட்டிக்கு டானிக் பாட்டில் பாட்டிலாக ஊற்றினாலும் எலும்பு கோணும். 80-10-10 கணக்கில் எலும்பு இருப்பதால் கால்சியம் ஓரளவு கிடைத்துவிடலாம், ஆனால் துத்தநாகம், மாங்கனீசு, அயோடின், வைட்டமின் ஈ, டி ஆகியவற்றில் பள்ளம் விழும். ஈரலை அள்ளி வைத்தால் வைட்டமின் ஏ அளவு மீறும். சில மீன்களைப் பச்சையாகவே தொடர்ந்து போட்டால் அதில் இருக்கும் ஒரு நொதி தயாமினை அழித்துவிடும், வலிப்புகூட வரலாம். வேக வைத்தால் அந்த நொதி செத்துப்போகும்.

அடுத்து கறி எங்கிருந்து வருகிறது என்பது. இதைத்தான் எல்லோரும் நேரில் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒரு பிராய்லர் கடை முன்னால் நில்லுங்கள். அறுத்த கோழி டிரம்மில் விழுகிறது, வெந்நீரில் முங்குகிறது, ரப்பர் விரல் வைத்த மெஷினில் சுற்றி இறகு உதிர்கிறது. அதே மெஷினில் அடுத்த கோழி, அதற்கடுத்த கோழி. ஒன்றின் குடலில் இருப்பது எல்லாவற்றின் தோலிலும் ஒட்டுகிறது. வெட்டுக்கட்டை ஒன்றுதான், கத்தி ஒன்றுதான். கழுத்து, தலை, கால், தோல் எல்லாம் கீழே ஒரு பிளாஸ்டிக் டப்பில் சேர்கிறது. நாய்க்கு என்று கேட்டால் அதிலிருந்துதான் அள்ளித் தருவார்கள். எனக்கு வழக்கமாகக் கறி தரும் பாயிடம் ஒருநாள் அந்த டப்பைக் காட்டிக் கேட்டபோது அவர் சொன்னது இதுதான்: "வேக வெச்சுத்தான போடுவீங்க தம்பி? இது விடிகாலையில இருந்து கிடக்கு. பச்சையா போடுறதா இருந்தா நான் தர மாட்டேன்." தொழில் தெரிந்தவர் சொன்ன வார்த்தை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

'வெளிநாட்டில் சுத்தமாகப் பேக் செய்து, உறைய வைத்து விற்கிறார்களே, அது?' என்று கேட்பீர்கள். நெதர்லாந்தில் அப்படி விற்ற எட்டு பிராண்டுகளின் 35 பொட்டலங்களை வாங்கிச் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். ஏழில் சால்மோனெல்லா. எட்டில் ஈ.கோலை ஓ157 வகை. பத்தொன்பதில் லிஸ்டீரியா. மருந்துக்கு மசியாத ஈ.கோலை 28-இல். குளிர்சங்கிலி அறுந்துபோகாத நாட்டிலேயே இந்த நிலை. உறைய வைத்தால் கிருமி சாகும் என்பது பரவலான நம்பிக்கை. சாகாது, தூங்கும். உருகியதும் எழுந்துகொள்ளும்.

நாயின் வயிற்று அமிலம் எல்லாவற்றையும் கொன்றுவிடும் என்பார்கள். அமிலம் கடுமையானதுதான். ஆனால் கனடாவில் சால்மோனெல்லா இருக்கும் பச்சைக் கறியைப் பதினாறு நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது ஏழு நாய்களின் மலத்தில் அது உயிரோடு வெளிவந்தது. நாய்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சிக்கலே அங்கேதான். நாய் நன்றாக இருக்கும். அதன் வாயிலும் மலத்திலும் வரும் கிருமி, தரையில் தவழும் குழந்தைக்கும், சர்க்கரை நோயுள்ள பாட்டிக்கும், கீமோ எடுத்துக்கொண்டிருக்கும் அத்தைக்கும் போகும். ஒரே வீடு, ஒரே தரை. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012-லேயே பச்சைக் கறி வேண்டாம் என்று கொள்கையாக அறிவித்ததற்கு இதுதான் முக்கியக் காரணம்.

நாய்க்கே ஆகாமல் போவதும் உண்டு. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில், பின்காலில் தொடங்கித் திடீரென்று உடம்பே செயலிழந்துபோகும் ஒரு நரம்பு நோய் வந்த நாய்களை ஆராய்ந்து 2018-இல் எழுதினார்கள். பச்சைக் கோழி தின்பதற்கும், குறிப்பாகக் கோழிக் கழுத்துக்கும், கோழியில் இருக்கும் கம்பைலோபாக்டர் கிருமிக்கும் இந்த நோயோடு தொடர்பு இருந்தது. நோய் வந்த நாய்களிடம் அந்தக் கிருமி இருக்கும் வாய்ப்பு மற்றவற்றைவிட ஒன்பது மடங்குக்கு மேல். நம் கடை டப்பில் அதிகம் கிடப்பது எது? கழுத்துதான்.

ஆட்டுக்கறி விஷயம் இதைவிடப் பெரிது, ஆனால் இதைப் பற்றி நம் நாய்க் குழுக்களில் யாருமே பேசுவதில்லை. எக்கினோகாக்கஸ் என்று ஒரு நாடாப்புழு. நீளம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. ஆடு, மாடு, எருமையின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர் நிறைந்த கட்டியாக இருக்கும். ஆடுதொட்டியில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் கட்டி நன்றாகத் தெரியும். வெள்ளையாகப் புடைத்து நிற்கும், குத்தினால் தெளிந்த நீர் பீச்சும். அப்படிப்பட்ட ஈரல், நுரையீரல் மனிதருக்கு விற்காது. அதைத்தான் ஒதுக்கி நாய்க்கு வீசுகிறார்கள். அந்தக் கட்டிக்குள் ஆயிரக்கணக்கில் புழுத்தலைகள் இருக்கும். பச்சையாகத் தின்ற நாயின் குடலில் ஆறேழு வாரத்தில் அவை முட்டையிடத் தொடங்கும். நாய்க்கு வயிற்றுப்போக்குகூட வராது. முட்டைகள் மலத்தோடு வந்து முடியில் ஒட்டிக்கொள்ளும். தடவிக்கொடுத்த கையோடு சாப்பிட்டால் நம் வயிற்றுக்குள் போகும். பிறகு நம் ஈரலிலோ நுரையீரலிலோ அதே நீர்க்கட்டி, வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் வளரும். ஆரஞ்சு அளவுக்கு வளர்ந்த பிறகு வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தெரியவரும். அறுவை சிகிச்சையில் அது உடைந்தால் உயிருக்கே ஆபத்து. கொதிக்கிற தண்ணீரில் ஈரலை உள்வரை வேக வைத்தால் இந்தக் கதை மொத்தமும் அங்கேயே முடிந்துவிடும். ஒரு அடுப்பு, அரை மணி நேரம்.

என் சமையலைக் கேட்கிறவர்களுக்கு: கோழிக்கறி, இரைப்பை, இதயம், கொஞ்சமே கொஞ்சம் ஈரல், எல்லாம் சேர்த்துப் பாதிப் பங்கு. கால் பங்கு சோறு அல்லது கேப்பைக் களி. கால் பங்கு பூசணி, கேரட், பீன்ஸ். மஞ்சள் ஒரு சிட்டிகை போடுவேன், அது எங்கள் வீட்டுப் பழக்கம், கட்டாயமில்லை. வெங்காயம், பூண்டு கிடையவே கிடையாது, இரண்டும் நாயின் ரத்த அணுக்களை உடைக்கும். மசாலாவும் கிடையாது. கறி வெந்த தண்ணீரைக் கொட்டாமல் சோற்றில் விட்டுப் பிசைவேன், சத்து அதில்தான் இறங்கியிருக்கும். வாரத்தில் இரண்டு நாள் மத்தி மீன், வேக வைத்து முள் எடுத்து. வெந்த எலும்பு ஒருபோதும் போட மாட்டேன். வெந்த எலும்பு ஊசி ஊசியாகச் சிதறும், பிரியாணி எலும்பால் குடல் கிழிந்து வரும் நாய்கள் எல்லா ஊரிலும் உண்டு.

கால்சியத்துக்கு முட்டை ஓடு. கழுவி, கொதிக்க வைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, மிக்சியில் மாவாக அரைக்க வேண்டும். நறநறவென்று இருக்கக் கூடாது, விரலில் தேய்த்தால் திருநீறு மாதிரி ஒட்ட வேண்டும். ஒரு டீஸ்பூனில் சுமார் இரண்டு கிராம் கால்சியம். சமைத்த சாப்பாடு ஒரு கிலோவுக்கு ஒரு மட்ட டீஸ்பூன் கணக்கு. இது வளர்ந்த நாய்க்கு. கூடவே டாக்டர் எழுதிக்கொடுத்த தாதுஉப்பு, வைட்டமின் பொடி. முட்டை ஓட்டில் கால்சியம் மட்டும்தான் இருக்கிறது, மற்றதெல்லாம் அந்தப் பொடியில் வர வேண்டும். குட்டி, சினை நாய், சிறுநீரகக் கோளாறு உள்ள நாய் என்றால் என் கணக்கைப் பின்பற்ற வேண்டாம். கால்நடை மருத்துவரிடம் எடையைச் சொல்லிக் கணக்குப் போட்டு வாங்குங்கள். அதற்கு நேரமில்லை என்றால், 'முழுமையான உணவு' என்று அச்சிட்ட நல்ல மூட்டைத் தீனியே போடலாம். அதில் தப்பே இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் பச்சைதான் என்று நிற்பவர்களிடம் சில வேண்டுகோள்கள். குட்டிக்குப் போடாதீர்கள். கைக்குழந்தையோ நோயாளியோ இருக்கும் வீட்டில் போடாதீர்கள். டப்பில் கிடப்பதை வாங்காமல், உங்களுக்கு என்ன கறி வாங்குவீர்களோ அதையே கண்முன் அறுத்து வாங்குங்கள். நம் வெயிலில் அரை மணிக்கு மேல் தட்டில் கிடக்கவிடாதீர்கள். வெட்டும் பலகை, கத்தி, தட்டு எல்லாம் தனியாக இருக்கட்டும். ஆட்டு ஈரல், நுரையீரல் மட்டுமாவது கட்டாயம் வேகட்டும்.

கடைசியாக, பச்சையோ வெந்ததோ, நாய் வளர்க்கும் எல்லோரும் இன்றைக்கு ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் இருக்கும் பூச்சி மாத்திரை அட்டையை எடுத்து மருந்தின் பெயரைப் படியுங்கள். அதில் 'பிராசிகுவான்டெல்' என்று இருக்கிறதா பாருங்கள். உருண்டைப் புழுவுக்கு மட்டும் கொடுக்கும் சிரப்பு நான் மேலே சொன்ன நாடாப்புழுவைத் தொடாது. உங்கள் நாய் தெருவில் திரிந்து கறிக்கடைப் பக்கம் போகிறது என்றாலும், பச்சை உறுப்புகள் தின்கிறது என்றாலும், ஆறு வாரத்துக்கு ஒருமுறை இந்த மருந்து வேண்டும். எடைக்குத் தகுந்த அளவை அரசு கால்நடை மருத்துவமனையில் கேட்டால் சொல்வார்கள்.